குரல் நாண்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

முன்னுரை

தமிழ் ஒலியியல் நூல்களில் 'குரல் நாண்' என்னும் கலைச்சொல் பெருவழக்காக உள்ளது. நாண் என்பது இரு முனைகளிலும் இழுத்துக் கட்டப்பட்ட கயிறு. குரல்வளையினுள் அத்தகைய கயிறு இல்லை; மென்சவ்வு போர்த்திய இரு தசை மடிப்புகளே உள்ளன. இப்பெயர் தோன்றிய வரலாற்றையும், அது உணர்த்தத் தவறிய உண்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உறுப்பறியாது செயலறிந்த நிலை

கொப்பூழடியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று எழுத்தொலியாக வெளிப்படுவதைத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகிறது. மிடறு குவியும்போது நாதமும் விரியும்போது சுவாசமும் பிறக்கும் எனத் தைத்திரீயப் பிராதிசாக்கியம் வேறுபடுத்துகிறது. ஒலிப்புடை ஒலி, ஒலிப்பிலா ஒலி என்னும் இன்றைய பாகுபாட்டின் அடிப்படை இதுவே. மடிப்புகளைக் கண்ணால் காணாமலேயே அவற்றின் செயல் உணரப்பட்டிருந்தது.

பெயரின் தோற்றம்

1741-இல் பிரெஞ்சு உடற்கூற்றியலார் அந்துவான் ஃபெரைன், இறந்த உடல்களிலிருந்து எடுத்த குரல்வளைகளில் காற்றை ஊதி ஒலியெழுப்பினார். மடிப்புகளை வயோல் என்னும் இசைக்கருவியின் நரம்புகளுக்கும் காற்றை அதன் வில்லுக்கும் ஒப்பிட்டு, 'குரல் நாண்கள்' எனப் பெயரிட்டார். இவ்வுவமையே கலைச்சொல்லாக நிலைத்தது. 1854-இல் இசையாசிரியர் மனுவேல் கார்சியா சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல்வளையின் இயக்கத்தைத் தாமே கண்டு, மறு ஆண்டு லண்டன் ராயல் கழகத்திற்கு அறிவித்தார்.

அதிர்வின் விளக்கம்

ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனி நரம்புத் தூண்டலே உண்டாக்குகிறது என 1950-இல் பிரான்சின் ராவுல் உய்சோன் வாதிட்டார். ஆயின் நரம்புத் தொடர்பு அறுந்த குரல்வளையும் காற்றூதினால் ஒலிக்கிறது. 1958-இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க், நுரையீரல் காற்றின் அழுத்தம் மடிப்புகளைத் திறப்பதையும், தசையின் மீள்திறனும் இடைவழியில் குறையும் காற்றழுத்தமும் அவற்றை மூடுவதையும் விளக்கினார். பேசும்போது இச்சுழற்சி ஆடவரிடம் நொடிக்கு நூற்றுக்குச் சற்று மேலாகவும், பெண்டிரிடம் ஏறத்தாழ இருநூறு முறையும் நிகழ்கிறது.

1974-இல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ, மடிப்பினை 'உடல்', 'உறை' என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தசையாலான உடலின்மேல் கூழ்போன்ற மெல்லடுக்குடைய உறை அலையாக நகர்வதே குரலின் தரத்தை அமைக்கிறது. கயிறு என்னும் உவமையில் இவ்வடுக்கிற்கு இடமில்லை.

நோயும் பண்டுவமும்

இவ்வேறுபாடு பண்டுவத்தில் பெரும்பொருள் உடையது. ஆசிரியர், பாடகர் போன்றோர் இடையறாது உரக்கக் குரலெழுப்புவதால், மடிப்புகள் மிகுதியாக மோதும் நடுப்பகுதியில் கணுக்கள் தோன்றுகின்றன. குரலைப் பேணலும் குரற்பயிற்சியுமே இவற்றிற்கு முதற்பண்டுவம். மடிப்பில் தோன்றும் வீக்கம் முதலியவற்றிற்கு மேலுறையை உரித்தெடுக்கும் முறை முன்னர்ப் பரவலாக இருந்தது. மெல்லடுக்கு சிதைந்து தழும்பேறினால் அலை தடைப்பட்டுக் கரகரப்பு நிலைத்துவிடும். ஆதலின், அவ்வடுக்கைக் காக்கும் நுண்ணோக்கி அறுவை முறை பின்னர் இடம்பெற்றது.

முடிவுரை

உவமை அறிவைத் தொடங்கிவைக்கும். கலைச்சொல்லாக இறுகியபின் பொருளை மறைக்கவும் செய்யும். பிறமொழி மருத்துவ நூல்கள் பலவும் 'மடிப்பு' என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றுள்ளன. தமிழ்ப் பாடநூல்களும் 'குரல் மடிப்பு' என ஆள்வது, உறுப்பின் அமைப்பைப் பெயரிலேயே மாணவர்க்கு உணர்த்தும்.