பத்துப் பேரின் உறக்கம்

மருந்து மனிதனுக்குப் பழைய துணை. மருந்தியல் என்னும் விஞ்ஞானமோ மிக இளையது. எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை என்பதை ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆயினும், ஒரு மருந்து எந்த உறுப்பில், எந்த அளவில், என்ன செய்கிறது என்பதை மாணவர் தம் கையாலேயே சோதித்துக் காணும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அதன் வரலாற்றையும், கணக்கு அதனோடு வந்து சேர்ந்த விதத்தையும் இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

இன்று எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என வழங்கும் நகருக்கு அக்காலத்தில் டோர்ப்பாட் என்று பெயர். ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த அந்நகரின் பல்கலைக் கழகத்திற்கு 1847-ஆம் ஆண்டில் ருடால்ப் புக்ஹைம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் வந்தார். மருந்துகளின் பெயரையும் குணத்தையும் மனப்பாடம் செய்விப்பதே அந்நாளைய வழக்கம். புக்ஹைம் அதில் நிறைவு கொள்ளவில்லை. தம் வீட்டு நிலவறையில், தம் கைப்பொருளைச் செலவிட்டு, ஒரு சோதனைச் சாலையை அமைத்தார். மாணவர்கள் அங்கே தாமே சோதனை செய்து கற்றனர். அவரிடம் பயின்ற ஆஸ்வால்ட் ஷ்மீடபர்க் 1872-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேராசிரியரானார். பல நாட்டு இளைஞர்கள் அவரை நாடி வந்து, அம்முறையைத் தத்தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர்.

கருவியும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. இரத்த அழுத்தத்தை வரைவதற்காகக் கார்ல் லுட்விக் 1840-களில் கைமோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளை மெல்லச் சுழலும். தவளையின் தசை சுருங்கும்போது நெம்புகோலின் முனை அக்கரியைச் சுரண்டிக் கோடு இழுக்கும். மருந்தைக் கூட்டக் கூட்டக் கோடு உயரும். ஓர் எல்லைக்குமேல் எவ்வளவு கூட்டினும் உயராது. நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் பல தலைமுறை மாணவர் இவ்வுருளையின் முன் நின்றே மருந்தியல் பயின்றனர்.

ஆனால், கோடு கிடைத்துவிட்டால் போதுமா? ஒரு தவளையின் தசை காட்டுவதை மற்றொன்று அப்படியே காட்டுவதில்லை. மனிதரிடத்திலோ வேறுபாடு இன்னும் மிகுதி. இங்கேதான் கணக்கின் உதவி வேண்டியதாயிற்று.

ஷ்மீடபர்க்கிடம் பயின்ற ஆர்தர் குஷ்னி என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஊமத்தை இனச் செடிகளிலிருந்து கிடைக்கும் மருந்துகளின் செயலை அவரும் பீபிள்ஸ் என்பவரும் கலமசூ நகர மனநோய் மருத்துவமனையில் ஆராய்ந்து, 1905-இல் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து கொடுத்த இரவுகளில் நோயாளிகளின் உறக்கம் எத்தனை மணி நேரம் கூடியது என்பது அவர்கள் அட்டவணையில் இருந்தது. முதல் மருந்தால் ஒருவருக்கு 3.7 மணி நேரம் கூடியது, இன்னொருவருக்கு 1.6 மணி நேரம் குறைந்தது! பத்துப் பேருக்கும் சராசரி பார்த்தால், முதல் மருந்தால் கூடியது 0.75 மணி, இரண்டாம் மருந்தால் கூடியது 2.33 மணி. இவ்வேறுபாடு மருந்தின் வலிமையா, தற்செயலா?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் மருத்துவர் அல்லர். டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய வில்லியம் காஸெட், 1908-இல் 'மாணவன்' எனப் பொருள்படும் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். சிறு எண்ணிக்கையிலிருந்து முடிவு காணும் வழியை அதில் வகுத்து, குஷ்னியின் பத்துப் பேரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

அவர் இரு சராசரிகளைத் தனித்தனியே வைத்து ஒப்பிடவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் அவரோடேயே ஒப்பிட்டார். ஒன்பது பேருக்கு இரண்டாம் மருந்தே மிகுந்த உறக்கம் தந்தது. ஒருவருக்கு மட்டும் இரண்டும் சமம். மருந்துகளுக்குள் உண்மையில் வேறுபாடே இல்லையென்று கொண்டால், இத்தகைய முடிவு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. அதே எண்களை இருபது வெவ்வேறு மனிதருடையவை எனக் கருதிக் கணக்கிட்டால், அவ்வாய்ப்பு நூற்றில் எட்டு அளவிற்கு உயர்ந்துவிடும். உறுதியான முடிவு கூற இயலாது. எண்கள் அவையே. அவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை அறிந்தவனுக்கே அவை உண்மை கூறுகின்றன.

இவ்வரலாற்றில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காஸெட் தம் அட்டவணையில், அவ்விரண்டும் ஹையோசயமின் என்னும் ஒரே மருந்தின் இரு வடிவங்கள் என்று எழுதிவிட்டார். உண்மையில் ஒன்று ஹையோசயமின். மற்றது ஹையோசின் என்னும் வேறு மருந்து. 1925-இல் வெளிவந்த ரொனால்ட் பிஷரின் புகழ்பெற்ற புள்ளியியல் நூலிலும் அப்பிழை அப்படியே இடம் பெற்றது. கணக்கு சரி, மருந்தின் பெயர் தவறு! மருத்துவமனையில் அத்தகைய பிழை நேர்ந்தால் அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

இன்று பல கல்லூரிகளில் தவளைக்கும் கரித்தாளுக்கும் பதிலாகக் கணினித் திரை வந்திருக்கிறது. விலங்குகளின் துன்பம் குறைவது நல்லதே. ஆயினும், அளவைத் தாமே அளந்து, புட்டியின் பெயரைத் தாமே படித்து, கண்டதைக் கண்டவாறே குறித்து, பின்னர்க் கணக்கிடும் பழக்கத்தை எந்தக் கருவியும் மாணவருக்காகச் செய்து தராது. புக்ஹைமின் நிலவறையிலே அந்நாளைய மாணவர் கற்கத் தொடங்கிய பாடம் அது. மருந்தியல் பயிலும் ஒவ்வோர் இளைஞரும் அதைத் தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலிருந்தே கைக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.