டிராவர்சர்: நாகப்பட்டினம் இழந்ததும் பொன்மலை பெற்றதும்

டிராவர்சர் என்பது இரயில் பெட்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து அதற்கு இணையாக உள்ள மற்றொரு தண்டவாளத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்திச் செல்லும் மேடையாகும். தமிழில் இதை இடமாற்று மேடை எனலாம். ஆனால் பணிமனைத் தொழிலாளர்கள் வாயில் வழங்குவது டிராவர்சர் என்ற சொல்தான். இக்கட்டுரையிலும் அதுவே பயன்படுத்தப்படுகிறது. பயணிகள் கண்ணில் இது பெரும்பாலும் படுவதில்லை. பெட்டிகளைக் கட்டும், பழுதுபார்க்கும் பெரிய பணிமனைகளுக்குள்ளேயே இதன் வேலை முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையிலும் டிராவர்சர்கள் உள்ளன.

பொன்மலைப் பணிமனையின் வேர் காவிரி டெல்டாவில், நாகப்பட்டினத்தில் இருக்கிறது. அந்தப் பணிமனை ஏன் இடம்பெயர்ந்தது, அதனால் யார் என்ன இழந்தார்கள் என்பதை அறிய, பெரிய பணிமனைக்கு நிலம் எவ்வளவு தேவை என்பதையும் அறிய வேண்டும். அந்தக் கணக்கில் டிராவர்சருக்கு முக்கிய இடம் உண்டு.

அமைப்பும் இயக்கமும்

வகுப்பில் இதை விளக்க நான் நான்கு பென்சில்களையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டிரண்டு பென்சில்களை இணையாக வைத்தால் இரண்டு தண்டவாளங்கள். முதல் தடத்தில் நிற்கும் தீப்பெட்டியை இரண்டாவது தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாணவன் சட்டென்று கையால் தூக்கி வைத்துவிடுவான். நாற்பது டன் பெட்டியை அப்படித் தூக்கி வைக்க முடியாதே என்றால்தான் யோசிக்கத் தொடங்குவான். திருவாரூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் முன்னே போகுமே தவிரப் பக்கவாட்டில் ஒரு முழம்கூட நகராது. வீதி முனையில் அதைத் திருப்பச் சக்கரத்தின் அடியில் மசகு தடவிய இரும்புத் தகட்டைப் போட வேண்டியிருக்கிறது. இரயில் சக்கரமோ தண்டவாளத்தை விட்டு இம்மியும் விலகக் கூடாத ஒன்று.

எனவே பெட்டியை நகர்த்தாமல், பெட்டி நிற்கும் தண்டவாளத் துண்டையே நகர்த்துவதுதான் டிராவர்சரின் தத்துவம். இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே ஆழம் குறைந்த நீண்ட குழி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். கொட்டகைத் தண்டவாளங்கள் எல்லாம் அந்தக் குழியின் விளிம்பில் வந்து நின்றுவிடும். குழியின் தரையில் அவற்றுக்குச் செங்குத்தாக வேறு தண்டவாளங்கள் ஓடும். அவற்றின்மேல் பல சக்கரங்கள் கொண்ட மேடை நிற்கும். மேடையின் முதுகில் ஒரு பெட்டி நிற்குமளவு தண்டவாளம் உண்டு. அதன் மட்டமும் கொட்டகைத் தண்டவாளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கும்.

மூன்றாம் தடத்தில் உள்ள பெட்டியை எட்டாம் தடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேடை மூன்றாம் தடத்துக்கு நேரே வந்து நிற்கும். தண்டவாள முனைகள் பொருந்தியதும் தாழ் போடப்படும். பெட்டியைக் கம்பிவடத்தால் இழுத்து மேடைமேல் ஏற்றுவார்கள். உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். தாழை எடுத்ததும் மேடை பெட்டியைச் சுமந்துகொண்டு குழியில் ஊர்ந்து எட்டாம் தடத்தின் வாசலில் நிற்கும். மறுபடி தாழ், மறுபடி இழுவை. தொடக்க காலத்தில் சிறிய டிராவர்சர்களை ஆட்களே தள்ளினர். பின்னர் நீராவி எந்திரம் பொருத்திய மேடைகள் வந்தன. அதற்குப் பிறகு மின்மோட்டார்.

டிராவர்சரையும் சுழல்மேடையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுழல்மேடை எஞ்சினின் முகத்தைத் திருப்பும்; டிராவர்சரில் முகம் மாறாது, இடம் மட்டுமே மாறும். ஆனால் வரலாற்றில் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இரயில்வேயின் முதல் பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் வண்டிகள் நான்கு சக்கரம் கொண்ட குட்டை வண்டிகளாக இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் ஒரு சிறு சுழல்மேடையை வைத்து, வண்டியைக் கால்வட்டம் திருப்பி, குறுக்குத் தடத்தில் தள்ளி, அடுத்த மேடையில் மீண்டும் திருப்பி இடம் மாற்றிவிடுவார்கள். எட்டுச் சக்கரங்களில் ஓடும் நீண்ட பெட்டிகள் வந்தபோது அந்தச் சிறு மேடைகள் உதவவில்லை. டிராவர்சர் பணிமனைகளில் நிலைபெற்றது. அரிதாக நிலையங்களிலும் இதைப் பயன்படுத்தியதுண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட் நிலையம் 1909-இல் திறக்கப்பட்டபோது, இட நெருக்கடி காரணமாக எஞ்சினைப் பக்கத்துத் தடத்துக்கு மாற்ற மின்சார டிராவர்சர் வைத்தார்கள்.

ஆறு மாவும் ஒரு மாவும்

தடம் மாற்ற வேறு வழி இல்லையா? உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் நாம் பார்க்கும் பாயிண்ட் அதுதான். ஆனால் பாயிண்ட் நீளத்தைத் தின்னும். இந்திய இரயில்வேயில் யார்டுகளில் பரவலாக உள்ள பாயிண்டின் சாய்வு எட்டரைக்கு ஒன்று. அதாவது எட்டரை மீட்டர் முன்னே சென்றால்தான் ஒரு மீட்டர் பக்கவாட்டில் விலக முடியும். ஐந்து மீட்டர் இடைவெளியில் பத்துத் தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு 42.5 மீட்டர். பத்துத் தடங்களுக்கு ஒன்பது இடைவெளி. ஆகப் பாயிண்ட் வரிசை மட்டும் சுமார் 380 மீட்டர் நீளம். அகலம் 45 மீட்டர். இந்த முக்கோணத்தின் பரப்பு ஏறக்குறைய 8,600 சதுர மீட்டர்.

தஞ்சை மாவட்டத்தாருக்கு இதை மா கணக்கில் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். ஒரு மா முப்பத்து மூன்றே கால் சென்ட் போல. ஏறத்தாழ 1,350 சதுர மீட்டர். ஆகவே பாயிண்ட் வரிசை ஆறு மாவுக்கு மேல் விழுங்குகிறது. அதே பத்துத் தடங்களுக்கு 26 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட டிராவர்சர் குழி போதும். அது ஒரு மாவுக்குள் அடங்கிவிடும். குழியின் இருபுறமும் கொட்டகை கட்டினால் ஒரே மேடை இரண்டு பக்கத்துக்கும் ஊழியம் செய்யும்.

நிலத்தைவிட நேரம் பெரிது. ஒரு தடத்தில் நான்கு பெட்டிகள் வரிசையாக நின்று, உள்ளே உள்ளதற்கு வேலை முடிந்துவிட்டால், பாயிண்ட் முறையில் முன்னால் நிற்கும் மூன்றையும் இழுத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். டிராவர்சர் உள்ள பணிமனையில் தடங்களைக் குட்டையாக வைத்து, ஒன்றிரண்டு பெட்டிகளை மட்டும் நிறுத்தலாம். மராமத்துக்கு வரும் பெட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை. உடலைத் தூக்கிச் சக்கரத் தொகுதியைக் கழற்றுவது ஓரிடம், தகடு வெட்டி ஒட்டுவது ஓரிடம், மர வேலை, மின் வேலை, வண்ணம் என ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். இந்தப் பயணம் முழுவதற்கும் டிராவர்சரே தெரு.

குறையும் இல்லாமல் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு பெட்டிதான் போகும். மேடை பழுதானால் இருபுறக் கொட்டகைகளும் ஒருசேர முடங்கும். நாற்பது வேகன் கொண்ட சரக்கு வண்டியை இப்படி ஒவ்வொன்றாக மாற்றுவது நடக்காது. அதனால்தான் யார்டுகளில் பாயிண்டே ஆட்சி செய்கிறது. எஞ்சின் கொட்டகைகளில் மற்றொரு வழி: மேலே ஓடும் கிரேன், எஞ்சினை மற்ற எஞ்சின்களின் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போய் வைக்கும். நமது பருவமழையில் குழியில் நீர் தேங்குவதும் ஒரு தொல்லை. வடிகால் சரியில்லாத தாழ்நிலத்தில் இப்படி ஒரு குழியை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பதை டெல்டாவில் வீடு கட்டியவர்களிடம் கேட்டால் போதும்.

டெல்டாவில் இருந்த பணிமனை

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே தன் முதல் பாதையை நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கியது. 1861, 1862 ஆண்டுகளில் திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை வண்டி ஓடியது. துறைமுக நகரிலிருந்து தொடங்கியதில் வியப்பில்லை. நெல் வெளியே போகவும் எந்திரச் சாமான் உள்ளே வரவும் கடல்தான் வழி. 1874-இல் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் இரயில்வேயும் இணைந்து தென்னிந்திய இரயில்வே உருவாயிற்று. அகலப் பாதையாகப் போட்ட நாகப்பட்டினம் பாதை 1875-இல் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. கம்பெனியின் பணிமனை நாகப்பட்டினத்திலேயே தொடர்ந்தது. கீழ்த்தஞ்சையில் கலப்பையும் தறியும் தவிர வேறு பெரிய தொழில் இல்லாத காலத்தில் கொல்லர், தச்சர், கடைசல்காரர், கொதிகலன் வேலையாள் எனப் பலருக்கு மாதச் சம்பளம் தந்த இடம் அது. நமது பாடநூல்கள் டெல்டாவை நெற்களஞ்சியம் என்று மட்டுமே சொல்லிப் பழக்கிவிட்டதால், இங்கே இரயில் பெட்டி பழுதுபார்த்த ஒரு தொழிலாளர் நகரம் இருந்தது என்பது மாணவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளில் இரயில்வேயின் வரைபடம் மாறியது. பாதைகள் மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி என விரிந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியாக இலங்கைப் போக்குவரத்து தொடங்கியது. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு பாதை வந்ததும், சென்னை வண்டிகள் கும்பகோணம், தஞ்சாவூரைத் தொடாமலே போக முடிந்தது. வலையமைப்பின் நடு திருச்சி. நாகப்பட்டினமோ அதன் கிழக்கு ஓரம். பழுதான பெட்டியை ஓரத்துக்கு இழுத்துவந்து மீண்டும் நடுவுக்கு அனுப்புவது கம்பெனிக்குச் செலவு.

புதிய மத்தியப் பணிமனைக்குத் திருச்சியின் கிழக்கே, தஞ்சாவூர்ப் பாதையை ஒட்டிய பொன்மலையைத் தேர்ந்தார்கள். 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் கூட்டாளிகளோடு மோதிய அதே பாறைக்குன்று. நன்செய் அல்லாத மேட்டுநிலம், நீர் வடியும், கொட்டகைகளை இணையாக அடுக்கி, நடுவே டிராவர்சர் விட்டு, அருகிலேயே தொழிலாளர் குடியிருப்பும் கட்ட இடம் உண்டு. 1926 முதல் 1928 வரை பணிமனை அங்கே மாறியது. நிர்வாகக் கணக்கில் இந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு வரவுசெலவு நாகப்பட்டினத்தில் எழுதப்பட்டது.

1928

பழைய பணிமனைகளை ஒன்றுசேர்ப்பதென்றால் ஆள் குறைப்பு. கம்பெனி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நீக்கத் திட்டமிட்டது. நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலைத் தொழிலாளர்கள் எதிர்த்தனர். 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது, வண்டிகள் நின்றன, பின்னர் அது ஒடுக்கப்பட்டது. முன்னின்றவர்களில் ஒருவரான ம. சிங்காரவேலருக்கு அப்போது வயது 68. அவருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொன்மலையில் வேலை கிடைத்தவர்கள் குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்தார்கள். கிடைக்காதவர்களின் கைத்தொழிலுக்கு நாகப்பட்டினத்தில் வேறு பட்டறை இல்லை. வயலில் கூலிக்குப் போனாலும் கடைசல் எந்திரத்தில் பழகிய கை அங்கே எதற்கு ஆகும்?

வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்க வரலாறாக எழுதியவர்கள் உண்டு. பணிமனையைப் பொறியியல் வரலாறாக எழுதியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒன்று தெரிகிறது. ஓரிடத்தில் குவித்து, இணைத்தடங்களில் பிரித்து, மேடையால் மாற்றிக் குறைந்த ஆளில் அதிகப் பெட்டி பார்ப்பதுதான் மத்தியப் பணிமனையின் நோக்கமே. ஆள் குறைப்பு அதன் பக்கவிளைவாக வந்ததன்று.

இரண்டு அகலங்கள்

தென்னிந்திய இரயில்வேயில் மேற்கே மலபார்ப் பக்கம் அகலப் பாதை, டெல்டாவிலும் தெற்கிலும் மீட்டர் பாதை. பொன்மலை இரண்டு வகைக்கும் பணிமனை. 1,676 மில்லிமீட்டரும் 1,000 மில்லிமீட்டரும் கலந்த தடத்தில் பாயிண்ட் அமைப்பது மிகவும் சிக்கலான வேலை. வெட்டும் இடங்கள் பெருகும். டிராவர்சருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேடைமேல் கூடுதலாக ஒரு தண்டவாளம் பதித்தால் இரண்டு வகைப் பெட்டியையும் அதே மேடை சுமந்துவிடும்.

அகலம் மாறினால் தாங்கும் டிராவர்சர், நீளம் மாறினால் தடுமாறும். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி சுமார் 22 மீட்டர் நீளம். அவ்வகையின் உற்பத்தி 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தை எல்எச்பி வகை பிடித்தது. அதன் நீளம் சுமார் 24 மீட்டர். இரண்டு மீட்டர்தானே என்று தோன்றும். மேடையை நீட்டினால் குழியை அகலப்படுத்த வேண்டும். குழியை அகலப்படுத்தக் கொட்டகையின் முகப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முன்னோர் கட்டிய தூண் எங்கே நிற்கிறதோ அங்கே வந்து கணக்கு முட்டும்.

டெல்டாவின் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறி, 2019-இல் திருவாரூர்–காரைக்குடிப் பாதையும் முடிந்தது. ஆனால் பொன்மலையில் மீட்டர் பாதை வேலை ஓயவில்லை. நீலகிரி மலை இரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 2011 முதல் அங்கேயே புதிதாகக் கட்டப்பட்டன. முடிந்த எஞ்சின் வெளியே வந்தால் அது ஓட அக்கம்பக்கத்தில் ஒரு மீட்டர் தண்டவாளமும் இல்லை. மேட்டுப்பாளையம் வரை அதை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.