கன்றின் கழிச்சலிற் கண்ட சக்கரம்

பிறந்து சில நாட்களே ஆன பசுக்கன்று வயிற்றோட்டங் கண்டு, கண் குழிந்து, கால் தளர்ந்து மடிவது கால்நடை வளர்ப்போர் எந்நாட்டிலும் கண்டு வருந்திய காட்சியாகும். இதற்குக் காரணம் பற்றீரியாவே என நெடுங்காலம் கருதப்பட்டது. நோயுற்ற கன்றின் மலத்தைச் சோதித்தால் கோலி என்னும் பற்றீரியா தவறாமற் கிடைக்கும். அதன் சில இனங்கள் கன்றுகளைக் கொல்வதும் உண்மையே. ஆயினும் நோயற்ற கன்றின் குடலிலும் கோலி வாழ்கின்றதே! கையில் அகப்பட்டவனையே கள்வனென்று கொண்ட கதையாக அது நீடித்தது.

ஐக்கிய அமெரிக்காவிலே மாட்டுப் பண்ணைகள் மலிந்த மாநிலம் நெபிராசுக்கா. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சாள்சு மெபசு என்னும் கால்நடை நோயியலறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும், நோய் பரவிய இடத்திலிருந்து பெற்ற கன்றின் மலத்தைப் பற்றீரியா புகவியலாத நுண்வடியினால் வடித்தனர். அவ்வடிநீரைக் கடும்புப்பால் அருந்தாத இளங்கன்றுகளுக்குக் கொடுத்தனர். தாய்ப்பசுவின் நோயெதிர்ப்பொருள்கள் கன்றைச் சேர்வது கடும்புப்பால் வழியாகவே என்பதால் அது விலக்கப்பட்டது. பற்றீரியா இல்லாத அந்நீரே கன்றுகளை நோயில் வீழ்த்தியது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வட்ட வடிவான வைரசுத் துணிக்கைகள் தென்பட்டன. இம்முடிபு 1969ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் கொரோனா வகையைச் சேர்ந்த மற்றொரு வைரசையும் அவர்கள் கன்றுகளின் கழிச்சலில் இனங்கண்டனர்.

முதலிற் கண்ட வைரசு, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நிற்கும் சடைமுளைகளின் கலங்களை அழிக்கின்றது. உண்ட பாலும் நீரும் உறிஞ்சப்படாமல் வெளியேற, உடல் வறண்டு கன்று இறக்கின்றது.

மாட்டுவைத்தியரின் ஏட்டோடு நின்றிருக்கக்கூடிய இச்செய்தி மனிதக் குழந்தைகளின் நோயையும் விளக்கப் பயன்பட்டது. 1973ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவின் மெல்பேண் நகரிலே உரூத் பிசொப் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்குகளில் இத்தகைய துணிக்கைகளையே கண்டனர். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஆய்ந்த தோமசு பிளூவெற், குழந்தையின் வைரசும் கன்றின் வைரசும் உறவினவென 1974ஆம் ஆண்டிற் காட்டினார். ஆரக்கால் பொருந்திய சக்கரம் போன்ற தோற்றங் கருதி, இலத்தீனிற் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லால் 'ரோட்டா வைரசு' என்னும் பெயரையும் முன்மொழிந்தார்.

இவ்வுறவின் தடயம் முன்னரும் ஒருமுறை வெளிப்பட்டதுண்டு. 1943ஆம் ஆண்டில் பால்ரிமோர் நகரில் இலைற், ஓட்சு என்னும் இரு மருத்துவர், நோயுற்ற குழந்தைகளின் மலத்தை வடித்துக் கன்றுகளுக்குச் செலுத்தினர், கன்றுகள் கழிந்தன. கிருமி யாதென அன்று அறிய இயலவில்லை. எனினும் அம்மாதிரியை அவர்கள் எறிந்துவிடாது பேணினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின பின்னர் அது நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கப்பட்டபோது, அதே சக்கரங்கள் காட்சியளித்தன. பொறுமையுடன் பாதுகாக்கப்பட்ட ஆய்வுப்பொருளின் மதிப்புக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

ரோட்டா வைரசினால் 2008ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 4,53,000 பேர் இறந்தனரென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தடுப்புமருந்து தேடியோர் கன்றின் வைரசையே முதலில் நாடினர். நெபிராசுக்காக் கன்றின் வைரசிலிருந்து ஆக்கிய மருந்து, 1980களில் பின்லாந்துக் குழந்தைகளிடத்து நற்பயன் அளித்தது. வறிய நாடுகள் சிலவற்றிற் போதிய பயன் தராமையாற் கைவிடப்பட்டது. பின்னர் பென்சில்வேனியா மாநிலத்துக் கன்றொன்றின் வைரசை எடுத்து, மனித வைரசின் பரம்பரையலகுகளை அதனுடன் சேர்த்தனர். அவ்வாறு ஆக்கிய வாய்வழி மருந்துக்கு 2006ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா அனுமதி வழங்கியது.