கோவேறு கழுதைகள் நடந்த பள்ளத்தாக்கு

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில், ஹுஹுய் மாகாணத்தில், ரியோ கிராண்டே ஆற்றையொட்டி ஏறத்தாழ 155 கி.மீ. நீள்கிறது உமவாக்கா பள்ளத்தாக்கு. பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதர் நடந்த தடம் இது. மேட்டுநிலத்து உப்புப் பாலையிலிருந்து லாமாக்கள் உப்புக் கட்டிகளைச் சுமந்து இறங்கின. இன்காக்கள் இவ்வழியைத் தங்கள் பெருவழியோடு இணைத்தனர்.

1545இல் வடக்கே, இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசியில் வெள்ளி கிடைத்ததும் வழியின் தலையெழுத்தே மாறியது. அந்தச் சுரங்க நகருக்காகத் தெற்குச் சமவெளியில் வளர்ந்த கோவேறு கழுதைகள், வழியிலுள்ள சால்ட்டாவில் மேய்ந்து உடல் தேறியபின், மந்தை மந்தையாக மலையேறின. வெள்ளியின் பெருமை பேசும் நூல்கள் இவற்றின் உழைப்பையும் சொல்லியிருக்க வேண்டும்.

வழிநெடுக ஊர்கள் எழுந்தன. மரம் அரிதான புர்மமார்க்காவில் பச்சைமண் கட்டிச் சுவர்மேல் கார்டோன் கள்ளிப் பலகையால் கூரை வேய்ந்தார்கள். பலகையில் இயல்பாகவே நீள்துளைகள் இருக்கும். உக்கீயாவின் 1691ஆம் ஆண்டுத் தேவாலயத்திலோ, பகட்டான ஸ்பானிய உடையில் துப்பாக்கி ஏந்திய தேவதூதர்களின் ஓவியங்கள். ஆண்டிஸ் மலை மக்களுக்கே உரிய அழகு அது.

விடுதலைப் போரின்போது, 1812இல் ஸ்பானிய அரச படை வடக்கிலிருந்து நெருங்கியபோது, விடுதலைப் படைத் தளபதி பெல்கிரானோவின் ஆணைப்படி ஹுஹுய் மக்கள் விளைச்சலை எரித்துவிட்டுத் தெற்கே பெயர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்தது, 1990களில் நின்றது. 2003இல் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.