ஹையலூரானிக் அமிலம்: ஏ.சி. அறையும் தோலின் ஈரமும்

துபாய், ஷார்ஜா மருந்துக் கடைகளில் ஹையலூரானிக் அமிலம் என்று எழுதிய சீசாக்கள் வரிசையாக நிற்கும். சீசா சிறியது, விலை பெரியது. அமிலத்தையா முகத்தில் பூசுவது என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பயப்பட வேண்டாம். பெயரில்தான் அமிலம், உண்மையில் இது நம் உடம்பே தயாரிக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி.

1934-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 'ஹையலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் கண்ணாடி. 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் இது சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி தோலில். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. மூட்டுகளில் வழவழப்பைத் தருவதும், தோலில் நீரைப் பிடித்து வைப்பதும் இதன் வேலைகள். வயதாலும் வெயிலாலும் மேல்தோலில் இது குறைகிறது.

முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். சைவமா, ஹலாலா என்று பார்ப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வளைகுடாவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரையோர நகரங்களில் கோடையில் வெளியே புழுக்கம்; ஆனால் நாள் முழுக்க நாம் இருப்பது ஏ.சி. அறையில். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர், அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம்தான். ஹையலூரானிக் அமிலம் நீரைப் பிடிக்குமே தவிர உண்டாக்காது. பெரிய மூலக்கூறு என்பதால் பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கிவிடும். வறண்ட காற்றில் அதை மட்டும் பூசிவிட்டு உட்கார்ந்தால், பிடித்த ஈரமும் ஆவியாகிப் போகும். எனவே முகம் கழுவி ஈரம் காயுமுன் பூசி, அதன்மேல் சாதாரண கிரீமோ, மிக வறண்ட தோலென்றால் வாசலினோ தடவ வேண்டும். மூடி போடாத பானையில் தண்ணீர் நிற்குமா?

சுருக்கத்தை நிரப்ப ஊசியில் ஏற்றுவது வேறு விஷயம். மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அடைப்பைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற நொதி உண்டு. ஆனால் உடனே கொடுத்தாக வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற மருத்துவரிடம் மட்டுமே போங்கள். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று வீட்டிலோ அழகு நிலையத்திலோ ஊசி எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.