கைப்பிடியிலிருந்து கலப்பியக்கம் வரை

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே கூறுவர். பென்ஸ், டைம்லர், ஃபோர்டு என்னும் பெயர்கள் மாணவர் பலருக்கும் பழக்கமானவை. ஆனால் அதே வண்டியின் ஒரு மூலையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் பாட்டரிக்கும் ஒரு வரலாறு உண்டு. எஞ்சினின் வரலாற்றைக் காட்டிலும் அது சுவையில் குறைந்ததன்று. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெட்ரோலால் ஓடுகின்ற வண்டிக்கு மின்சாரம் எதற்கு? வகுப்பில் இக்கேள்வியை நான் மாணவரிடம் கேட்பதுண்டு. விளக்குக்கு என்பார் ஒருவர். ஒலிப்பானுக்கு என்பார் மற்றொருவர். இரண்டும் சரியே. ஆயினும் தலையாய காரணம் வேறு. பெட்ரோல் எஞ்சின் தானாகத் தொடங்க இயலாத ஓர் எந்திரம். நீராவி எஞ்சினில் ஆவியைத் திறந்துவிட்டால் அது நகரும். மின் மோட்டாருக்கு மின்சாரத்தைச் செலுத்தினால் அது சுழலும். பெட்ரோல் எஞ்சினோ முதலில் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்து, அக்கலவையை அழுத்தி, அதன் பின்னரே வெடிக்கச் செய்ய வேண்டும். அந்த முதற் சுற்றை அதற்கு வேறு யாரேனும் சுற்றிக் கொடுத்தாக வேண்டும்.

தொடக்கத்தில் அந்த வேலையை மனிதனின் கை செய்தது. வண்டியின் முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, வலிமை கொண்ட மட்டும் சுழற்றுவர். நம் நாட்டில் இதை ஹாண்டில் என்றே வழங்கினர். இது உழைப்பு மிக்க வேலை மட்டுமன்று, ஆபத்தான வேலையுமாகும். தீப்பொறி சற்று முன்னதாகவே விழுந்துவிட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி மின்னல் வேகத்தில் திரும்பி வந்து மணிக்கட்டை முறித்துவிடும். ஆகவேதான் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுநர்க்குக் கற்பித்தனர்.

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்னும் கார் தயாரிப்பாளர் 1908 ஆம் ஆண்டில் காலமானார். வழியில் நின்றுபோன ஒரு காரைக் கிளப்ப உதவியபோது கைப்பிடி திருப்பியடித்துத் தாடையை முறித்தது என்றும், அதன் விளைவாகவே அவர் இறந்தார் என்றும் கூறுவர். காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட் அவருடைய நண்பர். அந்தத் துயரமே லீலண்டைக் கைப்பிடிக்கு மாற்றுத் தேடத் தூண்டியது என்பது மரபாக வழங்கும் செய்தி. அதன் நுணுக்கங்களில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். லீலண்ட் மாற்றைத் தேடினார் என்பதும், அதற்காக அவர் நாடிய மனிதர் சார்லஸ் கெட்டரிங் என்பதும் உறுதியான செய்திகள்.

கெட்டரிங் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பணியாற்றியவர். முன்னர், கடைகளில் பயன்படும் பணப்பதிவு எந்திரத்திற்கு மின் மோட்டார் பொருத்தியவர். அந்த அனுபவம் இங்குப் பெரிதும் உதவியது. எஞ்சினைச் சுழற்ற வேண்டுமானால் மோட்டாரும் பாட்டரியும் வண்டியின் பாரத்தையே விஞ்சிவிடும் என்று அக்காலத்துப் பொறியியலார் பலர் கருதினர். நாள் முழுதும் ஓயாது உழைக்கும் மோட்டாரை அளவுகோலாகக் கொண்டதால் வந்த எண்ணம் அது. பணப்பதிவு எந்திரத்தின் மோட்டாரோ ஒரு கணம் மட்டும் மிகுந்த வலிமையைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது. சிறிய மோட்டாராயினும் சில வினாடிகளுக்கு அதன் இயல்பான அளவை மீறி உழைக்கச் செய்யலாம். சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த எளிய உண்மையின்மீது கெட்டரிங் தம் கருவியை அமைத்தார். 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்கள் மின்சாரத்தால் கிளம்பும் வண்டிகளாகவே விற்பனைக்கு வந்தன.

மாணவ நண்பர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். கெட்டரிங் அமைத்தது எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் மட்டுமன்று. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே எந்திரம் டைனமோவாக மாறி, பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. கிளப்பும் வேளையில் நான்கு பாட்டரித் தொகுதிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தந்தன. மின்னேற்றத்திற்கும் விளக்குக்கும் அவையே பக்க இணைப்பில் 6 வோல்ட் தந்தன. மோட்டாரும் டைனமோவும் ஒன்றே என்ற கருத்தும், ஒரே வண்டியில் இரு மின்னழுத்தங்கள் என்ற கருத்தும் 1912 ஆம் ஆண்டிலேயே சாலையில் ஓடின.

இக்கருவியினால் விளைந்த மாற்றம் பெரிது. அந்நாளில் மின்சாரக் கார்கள் அமெரிக்க நகரங்களில் செல்வாக்குடன் விளங்கின. கைப்பிடி சுழற்ற வேண்டாமையே அவற்றின் சிறப்புகளுள் ஒன்று. பெட்ரோல் கார் மன்னராகிய ஹென்றி ஃபோர்டின் மனைவியார் கிளாராவே ஒரு டிட்ராய்ட் எலெக்ட்ரிக் காரை ஓட்டினார் என்றால் வேறு சான்றும் வேண்டுமோ? பெட்ரோல் வண்டியும் ஒரு விசையால் கிளம்பத் தொடங்கியதும் அச்சிறப்பு மறைந்தது. மின்சாரக் காரின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெட்ரோல் காரின் உள்ளே புகுந்த இந்தச் சிறு மின் மோட்டாரும் ஒன்று.

ஒரே எந்திரம் இரு பணி என்ற கருத்து சில காலம் நிலைத்தது. டாட்ஜ் சகோதரர்கள் 1914 முதல் 1920களின் நடுப்பகுதி வரை 12 வோல்ட்டில் இயங்கும் அத்தகைய எந்திரத்தையே பயன்படுத்தினர். ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. சிறு கார்களிலும் 1930களில் அது இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் மோட்டாரைத் தனியாகவும் டைனமோவைத் தனியாகவும் பிரித்துவிட்டனர். கிளப்புவதற்கு மெதுவான, வலிமை மிக்க சுழற்சி தேவை. மின்னேற்றத்திற்கு எஞ்சினோடு இடைவிடாத விரைவான சுழற்சி தேவை. இரண்டையும் ஒன்றில் அடக்குவது அந்நாளில் விலை கூடிய செயல். பிரித்ததே மலிவாக முடிந்தது.

பாட்டரியும் பழைய பாட்டரியே. 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த காரீய அமிலக் கலத்தின் வழிவந்தது அது. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும்; மூன்று கலம் சேர்ந்தால் 6 வோல்ட், ஆறு சேர்ந்தால் 12 வோல்ட். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. எஞ்சின்கள் பெருத்து, கலவையை மிகுதியாக அழுத்தத் தொடங்கியதே அதற்குக் காரணம். 1960 ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் கார் டைனமோவை விடுத்து மாறுமின்னாக்கியை ஏற்றது. சிலிக்கன் டயோடு மலிவாகக் கிடைத்ததால் கைகூடிய மாற்றம் அது.

மின்னழுத்தத்தை உயர்த்துவதால் என்ன பயன்? சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட் ஆற்றலை 12 வோல்ட்டில் அனுப்ப 250 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 48 வோல்ட்டில் அனுப்பினால் 62.5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அழுத்தம் நான்கு மடங்கானால், அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அன்றேல் அதே இழப்புக்கு மெல்லிய கம்பி போதும்; செம்பு மிச்சம்.

இக்கணக்கை அறிந்த பொறியியலார் 1990களில் 42 வோல்ட் முறை ஒன்றைத் திட்டமிட்டனர். கார்களில் மின்கருவிகள் பெருகிவிட்டதால் 12 வோல்ட் இனித் தாங்காது என்று அவர்கள் கருதினர். 2001 ஆம் ஆண்டில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் கிரவுன் காரில் இம்முறையைப் பொருத்தி விற்றது. எனினும் அது பரவவில்லை. 12 வோல்ட்டில் விசையைத் திறந்தால் எழும் தீப்பொறி உடனே அணையும். 42 வோல்ட்டில் அது வில்போல நீண்டு எரிந்து தொடுமுனைகளைத் தின்றுவிடும். ஆகவே விசைகளும் பிற உறுப்புகளும் புதிதாகச் செய்யப்பட வேண்டியிருந்தன. செலவு மிகுந்தது. 12 வோல்ட்டிலேயே வேலையை முடிக்கும் வழிகளும் கண்டறியப்பட்டன. சில ஆண்டுகளில் 42 வோல்ட் திட்டம் கைவிடப்பட்டது.

தோல்வி ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. பழையதை முற்றும் அகற்ற முயன்றதால் அல்லவா செலவு மிகுந்தது? அதை அப்படியே விட்டு, அதனருகில் புதியதை வைத்தால் என்ன? 2011 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் ஐந்து ஒன்றுகூடி 48 வோல்ட் முறைக்கு உடன்பட்டன. விளக்கு, வானொலி முதலியன 12 வோல்ட்டிலேயே நிற்கும். மிகுந்த ஆற்றல் வேண்டும் கருவிகள் மட்டும் 48 வோல்ட்டுக்குச் செல்லும். இரண்டிற்கும் நடுவில் ஒரு மாற்றி பாலமாக அமையும்.

ஏன் 48? 60 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்னோட்டம் பொதுவாக மனித உடலுக்கு உயிராபத்து விளைவிக்காத எல்லையாகக் கொள்ளப்படுகிறது. முழுக் கலப்பியக்கக் காரின் பாட்டரி 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உடையதாக இருக்கக்கூடும். அதன் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறையும் சிறப்பான காப்பும் வேண்டும். மின்னேற்றத்தின்போது சற்று உயர்ந்தாலும் 60 வோல்ட்டைத் தாண்டாதபடி தேர்ந்ததே 48. கெட்டரிங்கின் கருவி மனிதனின் கையைக் காத்தது. இந்த எண்ணும் பணிமனையில் வண்டியைத் தொடும் தொழிலாளியின் கையைக் காப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதேயாகும்.

2016 ஆம் ஆண்டில் ரெனால்ட் சீனிக், 2017 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் எஸ் வகை எனக் கார்கள் இம்முறையோடு வெளிவந்தன. இதனையே மைல்டு ஹைபிரிட் என்கின்றனர். மென்கலப்பியக்கம் என நாம் கூறலாம். இதன் நடுநாயகம் எது என்று நினைக்கிறீர்கள்? மோட்டாராகவும் மின்னாக்கியாகவும் இயங்கும் ஒரே எந்திரம்! சிக்னலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைகிறது. புறப்படும்போது அவ்வெந்திரம் அதை நொடியில் எழுப்புகிறது. வேகம் கூட்டும்போது தோள் கொடுக்கிறது. வேகம் குறையும்போது, பிரேக்கில் வெப்பமாக வீணாக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை மின்சாரமாக மீட்டுப் பாட்டரியில் சேர்க்கிறது.

1912 ஆம் ஆண்டின் கருத்து மீண்டும் உயிர்பெற ஏன் நூறாண்டு சென்றது? கருத்தில் குறையில்லை; கருத்தைத் தாங்கும் பொருள்கள்தாம் இல்லை. காரீயப் பாட்டரி பிரேக்கின் சில வினாடிகளில் பாயும் மின்சாரத்தை விரைந்து விழுங்க வல்லதன்று. லித்தியம் பாட்டரி வல்லது. பழைய எந்திரத்தை ஆள விசையும் தூரிகையும் இருந்தன. இன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் குறைக்கடத்திகள் உள்ளன. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த நாளில் சேமிக்கும் தேவையும் எழவில்லை.

இந்த முறையை அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதும் தகாது. எரிபொருள் சேமிப்பு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு என்பதே 48 வோல்ட் முறைக்குப் பொதுவாகக் கூறப்படும் அளவு. 12 வோல்ட்டில் அது இன்னும் குறையும். மின்சாரத்தால் மட்டுமே நெடுந்தூரம் ஓட இவ்வண்டியால் ஆகாது. அதன் ஆற்றல் யாவும் இறுதியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது. இந்தியாவில் 2015 ஆம் ஆண்டில் மாருதி சுசுகி நிறுவனம் சியாஸ் காரில் 12 வோல்ட் மென்கலப்பியக்கத்தை அளித்தபோது, அவ்வகை வண்டிகளுக்கும் அரசு மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரல் முதல் அம்மானியம் நிறுத்தப்பட்டது. ஹைபிரிட் என்னும் ஒரே பெயரின் கீழ் சிறு உதவியும் பெரு மாற்றமும் ஒருங்கே நின்றால் பொதுப்பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. விளம்பரத்தில் அச்சொல்லைக் காணும்போது நீங்களும் கேளுங்கள்: எத்தனை வோல்ட்? எத்தனை கிலோவாட்? எஞ்சின் அணைந்த நிலையில் வண்டி நகருமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தால் பெயரின் மயக்கம் தெளிந்துவிடும்.

முழுமையும் மின்சாரத்தால் ஓடும் கார்களிலும் விளக்குக்கும் பூட்டுக்கும் கணிப்பொறிக்கும் சிறு பாட்டரி ஒன்று இருந்தே வருகிறது. 2023 ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனம் சைபர்டிரக் வண்டியில் அச்சிறு மின்சாரத்தையும் பெரும்பாலும் 48 வோல்ட்டுக்கு மாற்றியது. 42 வோல்ட்காரர்கள் கண்ட கனவின் ஒரு பகுதி இவ்வாறு நனவாயிற்று. அறிவியலில் கைவிடப்பட்ட கருத்துகளை நாம் இகழ்ந்து ஒதுக்கிவிடலாகாது. அவற்றுள் சில, தமக்கு ஏற்ற பொருளும் தேவையும் வந்து சேரும் வரை காத்திருப்பவை. அவற்றை அடையாளம் காண வேதியியலும் மின்னியலும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வரலாறும் வேண்டும்.