சாலையோர ஓட்டுத்தடையும் குடிவரவு நிலையும் (கனடா)

சாலையோர ஓட்டுத்தடை என்பது, மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் வாகனம் ஓட்டியவருக்குக் கனடிய மாகாணங்களில் காவலர் சம்பவ இடத்திலேயே விதிக்கும் நிர்வாகத் தண்டனை. இது மாகாணச் சட்டத்தின் கீழ் வருவது; குற்றத்தீர்ப்பு அன்று. எனவே இது மட்டுமே ஒருவரைக் கனடாவில் தங்கத் தகுதியற்றவராக்குவதில்லை. அதே செயலுக்குக் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின்படி தீர்ப்பு வந்தால், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரும் நாடு கடத்தப்படலாம்.

நடைமுறை

பிரிட்டிஷ் கொலம்பியா இம்முறையை 2010 செப்டம்பரில் தொடங்கியது. 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. ஆல்ககாலை எட்டினால் எச்சரிக்கை நிலை: முதல் முறை 3 நாள், இரண்டாம் முறை 7 நாள், மூன்றாம் முறை 30 நாள் ஓட்டுத்தடை. 80 மி.கி.யை எட்டினாலோ மூச்சுச் சோதனைக்கு மறுத்தாலோ 90 நாள் தடையும் 500 டாலர் அபராதமும் உண்டு, வாகனமும் தற்காலிகமாகப் பறிமுதலாகும். மறுஆய்வு கோர 7 நாள் அவகாசம். ஆல்பர்ட்டா 2020 டிசம்பரில் இதையொத்த முறையைக் கொண்டுவந்தது. தமிழர்கள் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவில் நிலைமை வேறு. அங்கே 90 நாள் உரிம இடைநிறுத்தத்துடன் குற்றவியல் வழக்கும் சேர்ந்தே வருவது வழக்கம்.

குடிவரவுச் சட்டம்

குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கனடாவுக்குள் பெற்ற தீர்ப்புகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் கீழான குற்றங்களையே கணக்கில் கொள்கிறது. மாகாண ஓட்டுத்தடை அந்த வரம்புக்குள் வராது.

2018 டிசம்பர் 18 அன்று, போதையில் ஓட்டும் குற்றத்துக்கான உச்ச தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. 10 ஆண்டு உச்ச தண்டனை உள்ள குற்றம் 'கடும் குற்றச்செயல்' எனக் கருதப்படும். ஆகவே முதல் முறை பிடிபட்டு 1,000 டாலர் அபராதம் மட்டுமே செலுத்திய நிரந்தர வதிவாளரும் இப்பிரிவில் சிக்குகிறார். சிறைத் தண்டனை 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தால், வெளியேற்ற ஆணையை எதிர்த்துக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் அவர் முறையிடலாம். மாணவர்களுக்கும் தற்காலிகத் தொழிலாளர்களுக்கும் அந்த மேல்முறையீடு இல்லை.

தீர்ப்புகள்

2015இல் குட்வின் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் முறை மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டது, குற்றவியல் தன்மையுடையது அன்று எனக் கூறியது. ஆயினும் முதலில் இருந்த சோதனை ஏற்பாட்டில் போதிய பாதுகாப்பு இல்லை என்றது. அதற்கு முன்பே, 2012இல், மாகாணம் சட்டத்தைத் திருத்தியிருந்தது. 2017இன் திரான் வழக்கில், குற்றம் நிகழ்ந்தபோது இருந்த உச்ச தண்டனையே கணக்கு என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 2018 மாற்றத்துக்கு முன் நடந்த செயலுக்குப் பழைய 5 ஆண்டு வரம்பே பொருந்தும்.

மறைமுக விளைவுகள்

விசா, வதிவிட விண்ணப்பங்கள் தீர்ப்பை மட்டும் கேட்பதில்லை. கைது, தடுத்துவைப்பு, குற்றச்சாட்டு ஆகியவற்றையும் கேட்கின்றன. உண்மையை மறைத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுத் தடை வரலாம். ஓட்டுத்தடை ஒருவரைத் தகுதி இழக்கச் செய்யாவிட்டாலும், அதைப் பற்றிய பொய்யான பதில் அப்படிச் செய்துவிடக்கூடும். ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட பணி அனுமதியில் லாரி ஓட்டுபவர் உரிமம் இழந்தால் வேலையும் போகலாம். அதன்பின் அனுமதியைப் புதுப்பிப்பது கடினம்.

குற்றவியல் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை குடியுரிமை கிடைக்காது. தீர்ப்பு வந்தால் 4 ஆண்டுகளுக்குத் தடை நீடிக்கும். மாகாண ஓட்டுத்தடைக்கு அந்த விளைவு இல்லை. கனடியக் குடியுரிமை பெற்றவர்களுக்கு 36ஆம் பிரிவு பொருந்தாது.